திருப்புளியை எடுக்கும் முன்: அனலாக் ஆசிலேட்டரைச் சுருதியில் நிறுத்துவது எப்படி

"கீழே சரியாக இருக்கிறது, மேலே போகப் போகச் சுருதி இறங்குகிறது" என்று அனலாக் சின்தசைசரின் ஆசிலேட்டர் (ஒலி அலையை உருவாக்கும் சுற்று) பலகையைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களிடம் நான் கேட்பது ஒரே கேள்விதான்: எந்த ஸ்தாயியிலிருந்து இறங்குகிறது, எத்தனை சென்ட் (அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு)? அநேகமாகப் பதில் வராது. ஆனால் அதற்குள் பலகையில் இருக்கிற டிரிம்மர்கள் (திருப்புளியால் திருகிச் சீர்செய்யும் சிறு ரெசிஸ்டர்கள்) அத்தனையும் திருகப்பட்டிருக்கும். ஒவ்வொரு டிரிம்மரும் ஒரு குறிப்பிட்ட பிழைக்காக வைக்கப்பட்டது. பிழை எதுவென்று தெரியாமல் திருகினால் ஒன்றை இன்னொன்றால் மூடுகிறோம். இரண்டு ஸ்தாயி வரை அது ஒழுங்காகவே மூடிக்கொள்ளும். ஐந்தாவது ஸ்தாயியில் பல்லைக் காட்டும்.

இங்கே நான் எடுத்துக்கொள்வது வீட்டு மேசையிலேயே கட்டக்கூடிய ரம்பப்பல் அலை ஆசிலேட்டர். வோல்ட்டேஜை மடங்கு மடங்காக ஏறும் மின்னோட்டமாக மாற்றும் ஒரு எக்ஸ்பொனென்ஷியல் கன்வர்ட்டர், அது தரும் மின்னோட்டத்தால் நிரம்பும் ஒரு கெப்பாசிட்டர், நிரம்பியதைக் கண்டுபிடிக்க ஒரு கம்பாரேட்டர், காலி செய்ய ஒரு சுவிட்ச். 3340 என்ற ஆசிலேட்டர் சிப் வைத்துக் கட்டியவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும். பொருந்தாத இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

முதலில் கணக்கு. சின்தசைசர் முன்னோடி ராபர்ட் மூக் 1960களில் புழக்கத்துக்குக் கொண்டுவந்த ஏற்பாட்டில், கீபோர்டிலிருந்து வரும் வோல்ட்டேஜ் 1 வோல்ட் கூடினால் அதிர்வெண் இரட்டிப்பாகிறது, அதாவது ஒரு ஸ்தாயி ஏறுகிறது. அரைச்சுரத்துக்கு 83.3 மில்லிவோல்ட், அதில் நூறில் ஒரு பங்கான சென்டுக்கு 0.83 மில்லிவோல்ட். இது கேபிளில் உள்ள நிலவரம். கன்வர்ட்டரிலுள்ள டிரான்சிஸ்டரின் பேஸுக்குப் போனால் நிலவரம் வேறு. அங்கே கலெக்டர் மின்னோட்டம் இரட்டிப்பாக, அறை வெப்பநிலையில் சுமார் 18 மில்லிவோல்ட் போதும். ஆக, அந்த இடத்தில் ஒரு சென்ட் என்பது வெறும் 15 மைக்ரோவோல்ட். கீழே நான் அற்பமான காரணங்களையெல்லாம் பெரிதாகப் பேசப்போவது இந்த எண்ணால்தான்.

அளப்பதையே முதலில் சந்தேகப்படுங்கள்

ஆசிலேட்டர் ஒழுங்காக இருந்து கீபோர்டு பிசகுவது சாதாரணமாக நடக்கிறது. கீபோர்டின் மிடி தகவலை வோல்ட்டேஜாக்கும் மிடி கன்வர்ட்டரிலோ சீக்வென்சரிலோ இருந்து வரும் வோல்ட்டேஜை ஒவ்வொரு ஸ்தாயியிலும் அளந்து எழுதுங்கள். 20 வோல்ட் வரம்பில் 10 மில்லிவோல்ட் படியாகக் காட்டும் சாதாரண மல்டிமீட்டர் இதற்கு உதவாது. அதன் கடைசி இலக்கம் ஒன்று மாறினால் 12 சென்ட். நாலரை இலக்க மீட்டர் வேண்டும், சொந்தமாக இல்லாவிட்டால் ஒரு நாளுக்கு இரவல் வாங்கினாலும் போதும். ஸ்தாயிக்கு 1.000 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 0.998 வந்தால் அதுவே ஸ்தாயிக்கு 2.4 சென்ட் குறை. 12 பிட் டிஏசி (எண்ணை வோல்ட்டேஜாக்கும் சிப்) 4.096 வோல்ட் வரை தருகிறது என்றால் அதன் ஒரு படி 1 மில்லிவோல்ட், 1.2 சென்ட். அதைவிட நுணுக்கமாக அந்த மூலத்தை வைத்து எதையும் சீர்செய்ய முடியாது.

அடுத்தது கேபிள் பிரிப்பு. வோல்ட்டேஜ் தரும் கருவியின் வெளியீட்டில் 1 கிலோஓம் தொடர் ரெசிஸ்டர் இருக்கும். ஆசிலேட்டரின் உள்ளீடு 100 கிலோஓம். இரண்டும் சேர்ந்தால் 1 வோல்ட்டில் நூற்றியோரில் ஒரு பங்கு காணாமல் போகிறது: ஸ்தாயிக்குக் கிட்டத்தட்ட 12 சென்ட். ஒரே கேபிளை இரண்டு ஆசிலேட்டருக்குப் பிரித்துக் கொடுத்தால் 23 சென்ட்டைத் தாண்டும். நேற்று சரியாக இருந்தது, இன்று இரண்டாவது ஆசிலேட்டரைச் சேர்த்ததும் இரண்டுமே கெட்டுவிட்டது என்பவர்கள் டிரிம்மரைத் தொட வேண்டியதில்லை. நடுவில் ஒரு பஃபர் (வோல்ட்டேஜைக் குறைக்காமல் அப்படியே கடத்தும் சுற்று) போட வேண்டும். பஃபர் இல்லையென்றால், எந்தக் கருவியை எப்படிச் செருகி வாசிக்கப்போகிறீர்களோ அப்படியே செருகி வைத்துச் சீர்செய்யுங்கள்.

அதிர்வெண்ணை எதில் பார்ப்பது? மலிவான அதிர்வெண் கவுண்ட்டர் ஒரு நொடி எண்ணிச் சொல்லும்; 55 ஹெர்ட்ஸில் அதன் ஒரு எண் பிசகு 31 சென்ட். கீழ் ஸ்தாயிகளுக்குக் காலத்தை அளக்கும் கவுண்ட்டரோ நல்ல டியூனரோ வேண்டும். காது இவை எதற்கும் குறைந்ததில்லை. நிலையான ஒரு 440 ஹெர்ட்ஸ் ஒலியோடு ஆசிலேட்டரைச் சேர்த்துக் கேட்டால் நொடிக்கு ஒரு விம்மல் (ஒலி ஏறி இறங்குவது) என்பது 4 சென்ட். பத்து நொடிக்கு ஒன்று என்றால் அரை சென்ட்டுக்கும் குறைவு. தம்புராவுக்குச் சுருதி சேர்க்கத் தெரிந்தவர்களுக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரே ஓர் எச்சரிக்கை: ஒப்பிடும் இரண்டு ஒலிகளும் ஒரே பவர் சப்ளையில் ஓடும் ஆசிலேட்டர்களாக இருக்கக் கூடாது. நெருங்கி வரும்போது அவை சப்ளை வழியாக ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். விம்மல் அறவே நின்றுபோகும், நீங்களும் மகிழ்ந்துபோவீர்கள், சரியாகியிருக்காது. ஒப்பீட்டு ஒலி தனிக் கருவியிலிருந்து வரட்டும்.

விலகலை எழுதுவது

மின்சாரம் கொடுத்து அரை மணி நேரம் விடுங்கள். பிறகு எந்த டிரிம்மரையும் தொடாமல் 0 வோல்ட்டில் 55 ஹெர்ட்ஸ் வரும்படி சுருதிக் குமிழை மட்டும் திருப்பி, 1, 2, 3 என்று 7 வோல்ட் வரை ஏற்றி, ஒவ்வொன்றிலும் எத்தனை சென்ட் விலகல் என்று தாளில் எழுதுங்கள். எட்டு எண்கள். இந்த எட்டு எண்களின் போக்குதான் எல்லாவற்றையும் சொல்லும்.

0, −8, −16, −24 என்று ஒரே அளவில் இறங்கினால் அது ஸ்கேல் பிழை, அதற்கென்று டிரிம்மர் இருக்கிறது. நடு ஸ்தாயிகள் ஒழுங்காக இருந்து மேலே மட்டும் −1.5, −3, −6, −12 என்று இரட்டித்துக்கொண்டே போனால் அது உச்ச ஸ்தாயிப் பிழை. ஸ்கேல் டிரிம்மருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அடி ஸ்தாயி மட்டும் தனியாகப் பிசகினால் எங்கேயோ கசிவு. எண்களை ஒரு மணி நேரம் கழித்து எழுதும்போது வேறாக இருந்தால் வெப்பநிலை. ஒரு பலகையில் இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்தே இருக்கும் என்பது உண்மைதான். ஆனாலும் எட்டு எண்களை வைத்துக்கொண்டு பிரித்துவிடலாம்.

ஸ்கேலைச் சீர்செய்வதில் எல்லோரையும் குழப்புவது, திருகும்போது கீழ்ச் சுரமும் கூடவே நகர்வது. மேலே திருத்தினால் கீழே கெடுகிறது, கீழே திருத்தினால் மேலே கெடுகிறது என்று அலுத்துக்கொள்வார்கள். சுருதியைப் பார்க்காதீர்கள், இரண்டு சுரங்களுக்கு நடுவிலுள்ள விகிதத்தைப் பாருங்கள். ஓர் உதாரணம்: 1 வோல்ட்டில் 110 ஹெர்ட்ஸ், 4 வோல்ட்டில் 868 ஹெர்ட்ஸ் வருகிறது. மூன்று ஸ்தாயி ஏறினால் 880 வரவேண்டும். 868ஐ 880ஆல் வகுத்தால் 0.9864, அதாவது 24 சென்ட் குறை, ஸ்தாயிக்கு 8. இப்போது டிரிம்மரைப் பாருங்கள். 100 கிலோஓம் உள்ளீட்டு வழியில் 5 கிலோஓம், 25 சுற்று டிரிம்மர் இருந்தால் முழு வீச்சு 5 சதவீதம். ஒரு சுற்றுக்கு 0.2 சதவீதம், ஸ்தாயிக்கு 2.4 சென்ட். எனவே மூன்று சுற்றும் ஒரு கால் சுற்றும் சொச்சமும். எண்ணித் திருகுங்கள். பிறகு குமிழால் கீழ்ச் சுரத்தை மறுபடி 110க்குக் கொண்டுவந்து மேலே பாருங்கள். இரண்டாவது தடவையிலேயே ஒரு சென்டுக்குள் வந்துவிடும். அந்த இடத்தில் 20 கிலோஓம் டிரிம்மரையோ ஒற்றைச் சுற்று டிரிம்மரையோ வைத்திருந்தால் முதலில் அதைக் கழற்றி மாற்றுங்கள். முக்கால்வாசி எதிர்ப்பை நிலையான மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டராகப் போட்டு, மீதியை மட்டும் டிரிம்மருக்கு விட வேண்டும்.

ஸ்கேலை நடு ஸ்தாயிகளை வைத்து மட்டுமே முடிவு செய்யுங்கள், 110இலிருந்து 880 வரை போதும். 7 வோல்ட்டில் உள்ள குறையையும் சேர்த்து இந்த டிரிம்மராலேயே இழுக்க முயன்றால் நடுவில் எல்லாம் சுருதி ஏறிவிடும். வாசிப்பவர் கை அதிகம் புழங்குவது நடுவில்தான்.

மேலே ஏன் இறங்குகிறது

கெப்பாசிட்டரைக் காலி செய்யக் கொஞ்சம் நேரம் பிடிக்கிறது. அந்த நேரம் எல்லாச் சுரத்துக்கும் ஒன்றே. 1 மைக்ரோநொடி என்று வைத்துக்கொள்ளுங்கள். 55 ஹெர்ட்ஸில் ஓர் அலைக்கு 18 மில்லிநொடி. அதில் 1 மைக்ரோநொடி ஒன்றுமேயில்லை. 7040 ஹெர்ட்ஸில் ஓர் அலை முழுவதும் 142 மைக்ரோநொடிதான். அதில் 1 போனால் 12 சென்ட். ஒரு ஸ்தாயி கீழே 6, அதற்குக் கீழே 3. முன்னால் எழுதிய இரட்டிப்புப் போக்கு இதிலிருந்துதான் வருகிறது.

இதற்கு முதல் மருந்து வேகம். கம்பாரேட்டர் வேலையை ஆப்-ஆம்புக்குக் (பொதுவான பெருக்கிச் சிப்) கொடுக்காதீர்கள்; எல்எம்311 என்ற கம்பாரேட்டர் சிப் சுமார் 200 நானோநொடியில் முடிவெடுத்துவிடும். சுவிட்சாக வைக்கும் ஜேஃபெட் டிரான்சிஸ்டர் மின்னோட்டத்தைக் கடத்தும்போது எதிர்ப்பு எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது.

இரண்டாவது மருந்து செர்ஜியோ ஃபிராங்கோ பெயரால் வழங்குவது, எனக்கு மிகவும் பிடித்தது. கெப்பாசிட்டரோடு தொடராக ஒரு சிறு ரெசிஸ்டர், அவ்வளவுதான். மின்னோட்டம் அதன் வழியே போகும்போது அதில் ஒரு சிறு வோல்ட்டேஜ் விழுகிறது. சுரம் ஏற ஏற மின்னோட்டமும் அந்த வோல்ட்டேஜும் கூடும். கம்பாரேட்டருக்கு அந்த அளவு முன்கூட்டியே எட்டிவிட்டதாகத் தெரிகிறது, அலை சற்று முன்னதாக முடிகிறது. எவ்வளவு முன்னதாக என்றால் ரெசிஸ்டர் பெருக்கல் கெப்பாசிட்டர், எல்லாச் சுரத்திலும் ஒரே அளவு. காலியாக்க ஆகும் நேரத்துக்கு இதைச் சமமாக்கிவிட்டால் இரண்டும் கழிந்துவிடும். 1 மைக்ரோநொடியும் 1 நானோஃபாரடும் என்றால் 1 கிலோஓம், 2.2 நானோஃபாரட் என்றால் 455 ஓம். ஆசிலோஸ்கோப்பில் நேரத்தை அளப்பதானால் முனையை கெப்பாசிட்டரிலேயே வைக்காதீர்கள். முனையின் 15 பிக்கோஃபாரட் 1 நானோஃபாரடில் ஒன்றரை சதவீதம். நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சுருதி 26 சென்ட் இறங்கும். பஃபருக்குப் பின்னால் வையுங்கள்.

மேலே இறங்குவதற்கு இன்னொரு காரணம் டிரான்சிஸ்டருக்குள்ளேயே இருக்கிறது. எமிட்டர் பக்கத்தில் ஓர் ஓம் அளவில் ஓர் உள் எதிர்ப்பு உண்டு. 100 மைக்ரோஆம்பியர் போகும்போது அதில் 0.1 மில்லிவோல்ட் விழும். பேஸில் 15 மைக்ரோவோல்ட்டுக்கு ஒரு சென்ட் என்ற கணக்கில் அது கிட்டத்தட்ட 7 சென்ட். எமு சின்தசைசர் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான டேவ் ராஸம் பெயரால் வழங்கும் முறையில், வெளியேறும் மின்னோட்டத்துக்கு ஏற்ற ஒரு துளி வோல்ட்டேஜைப் பேஸுக்கே திருப்பித் தந்து இதை ஈடுகட்டுகிறார்கள். வசதி என்னவென்றால், இந்தப் பிழையும் மின்னோட்டத்தோடு இரட்டிப்பாகிறது. இரண்டு பிழைக்கும் ஒரே வடிவம் என்பதால் ஒரே டிரிம்மரால் இரண்டையும் சேர்த்துத் தீர்த்துவிடலாம். டக் கர்டிஸ் வடிவமைத்த 3340இல் ஏழாம் கால் இதற்கென்றே இருக்கிறது. அதிலிருந்து ஒரு டிரிம்மர், அங்கிருந்து ஒரு பெரிய ரெசிஸ்டர் வழியாகப் பதினைந்தாம் காலுக்கு. பல மலிவு வரைபடங்களில் ஏழாம் காலைச் சும்மா விட்டிருப்பார்கள். கீழ் ஸ்தாயிகளில் வாசிக்க மட்டும் என்றால் பரவாயில்லை.

கீழே பிசகினால்

1 நானோஃபாரடில் 5 வோல்ட் ஏறும் அலை 20 ஹெர்ட்ஸில் ஓட 100 நானோஆம்பியர்தான் தேவை. அதில் 1 நானோஆம்பியர் வேறு எங்காவது கசிந்தால் 17 சென்ட். 12 வோல்ட் தடத்துக்கும் கெப்பாசிட்டர் முனைக்கும் நடுவில் 10 கிகாஓம் கசிவு இருந்தாலே அந்த அளவு வந்துவிடும். எந்த மல்டிமீட்டரும் அதைக் காட்டாது. சால்டரிங் ஃபிளக்ஸ் படிந்திருக்கும் பலகை சித்திரையில் ஒழுங்காக இருந்து ஐப்பசி மழையில் அடி ஸ்தாயியை மட்டும் கெடுக்கும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் பழைய பல் துலக்கும் பிரஷும் எடுத்து இரண்டு முறை கழுவி, நன்றாக உலரவிட்டு, அப்புறம் அளந்து பாருங்கள்.

கெப்பாசிட்டரைத் தொடும் ஆப்-ஆம்பும் முக்கியம். டிஎல்072 போன்ற ஃபெட் உள்ளீடு உள்ளது வேண்டும். என்இ5532 ஒலிக்கு அருமையான சிப்தான், ஆனால் அதன் உள்ளீடு இழுப்பது 200 நானோஆம்பியர் அளவு. 20 ஹெர்ட்ஸ் அலைக்கு மொத்தமாகத் தேவைப்படுவதைப் போல் இரண்டு மடங்கு.

வெப்பம்

சென்னையில் இருந்துகொண்டு இதைப் பேசாமல் இருக்க முடியாது. டியூனரைப் பார்த்துக்கொண்டே கன்வர்ட்டரின் இரண்டு டிரான்சிஸ்டரில் ஒன்றின் தலையில் விரலை வையுங்கள். ஒரு நொடிக்குள் முள் ஓட ஆரம்பிக்கும். விரலை எடுத்தபின் திரும்பி வர அதைவிட நேரமாகும். ஒரே மின்னோட்டத்துக்குத் தேவையான பேஸ் வோல்ட்டேஜ் டிகிரிக்குச் சுமார் 2 மில்லிவோல்ட் குறைகிறது. ஸ்தாயிக்கு 18 மில்லிவோல்ட் என்ற கணக்கில், ஒரு டிகிரிக்கு ஓர் அரைச்சுரத்துக்கும் மேல். ஜோடியாக இரண்டு டிரான்சிஸ்டர் வைப்பது இதைக் கழிக்கத்தான். இரண்டும் ஒரே சூட்டில் இருந்தால்தான் கழியும். பத்தில் ஒரு டிகிரி வித்தியாசம் இருந்தால் 13 சென்ட் போச்சு.

அச்சு அசலாக ஒத்திருக்கும் ஜோடி தேடி ரிச்சி தெருவில் ஒரு பை நிறைய டிரான்சிஸ்டர் வாங்கி, ஒவ்வொன்றாக அளந்து உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். வேண்டாத உழைப்பு. இரண்டுக்கும் உள்ள பொருத்தமின்மை சுருதியை மொத்தமாக ஒரு பக்கம் நகர்த்தும், அவ்வளவுதான். குமிழைத் திருப்பினால் போயிற்று. முக்கியம் சூடு. ஒரே சில்லில் இருக்கும் ஜோடி கிடைத்தால் அதை வாங்குங்கள். கிடைக்காவிட்டால் இரண்டு டிரான்சிஸ்டரின் தட்டை முகங்களைச் சேர்த்து ஒட்டி, மேலே ஹீட் ஷ்ரிங்க் குழாய் மாட்டிவிடுங்கள்.

ஜோடி தீர்க்காத ஒன்று மிச்சமிருக்கிறது. அந்த 18 மில்லிவோல்ட் என்பதே கெல்வின் வெப்பநிலைக்கு நேர்விகிதமானது, டிகிரிக்கு 0.33 சதவீதம் கூடும். ஏசி ஓடும் அறையில் 24 டிகிரியில் சீர்செய்த ஆசிலேட்டரை 34 டிகிரி மேடையில் வாசித்தால், மூன்று ஸ்தாயி தள்ளி ஓர் அரைச்சுரத்துக்கும் மேல் இறங்கியிருக்கும். இதற்காகத்தான் +3300 பிபிஎம் டெம்ப்கோ ரெசிஸ்டர், அதாவது டிகிரிக்கு 0.33 சதவீதம் எதிர்ப்பு கூடும் ரெசிஸ்டர். பேஸுக்குப் போகும் வோல்ட்டேஜும் அதே விகிதத்தில் கூடும்படி அதை வைக்கிறார்கள். அது டிரான்சிஸ்டர் ஜோடியின் மேல் படுத்திருக்க வேண்டும், நடுவில் வெப்பப் பசையோடு. விலை கொடுத்து டெம்ப்கோ வாங்கி இரண்டு சென்டிமீட்டர் தள்ளிச் சால்டர் செய்த பலகைகள் என் மேசைக்கு வந்திருக்கின்றன. அது பலகையின் சூட்டைத்தான் அளக்கும். 3340இல் இந்த ஈடு சிப்புக்குள்ளேயே இருக்கிறது, டெம்ப்கோ தேவையில்லை.

வரைபடத்தை நீங்களே போடுகிறீர்கள் என்றால் இன்னொன்று செய்யலாம். இரண்டு டிரான்சிஸ்டரிலும் சம மின்னோட்டம் ஓடும் சுரத்தில் பேஸ் வித்தியாசம் பூஜ்யம். அங்கே இந்த 0.33 சதவீதம் பெருக்குவதற்கு ஒன்றுமில்லை. அந்தச் சுரம் வாசிப்பு வரம்பின் நடுவில் வரும்படி ரெஃபரன்ஸ் மின்னோட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். மிச்சப் பிழை இரண்டு பக்கமும் பாதிப் பாதியாகப் பிரிந்துவிடும்.

கெப்பாசிட்டர் சி0ஜி செராமிக்காகவோ பாலிஸ்டைரீனாகவோ இருக்கட்டும். எக்ஸ்7ஆர் வகைச் செராமிக் வேண்டவே வேண்டாம். அதன் மதிப்பு சூட்டோடும் மாறும், ஏறும் வோல்ட்டேஜோடும் மாறும். சுருதிக் குமிழுக்கான வோல்ட்டேஜை 12 வோல்ட் சப்ளையிலிருந்து நேராக எடுத்தால், சப்ளை 12 மில்லிவோல்ட் அசைந்தாலே 5 வோல்ட்டில் நிற்கும் குமிழ் 6 சென்ட் நகர்த்திவிடும். அதற்கென ஒரு தனி ரெஃபரன்ஸ் சிப் வைப்பது பணத்துக்கு மதிப்பு.

கடைசிச் சுற்று

பெட்டியில் பொருத்தி, மூடியைப் போட்டு, உள்ளே சூடு நிலைத்த பிறகு ஒரு முறை கடைசியாகச் சீர்செய்யுங்கள். டிரிம்மருக்கு நேராக மூடியில் துளை போட்டுவைத்தால் நல்லது. திருப்புளி பிளாஸ்டிக்காக இருக்கட்டும். முதலில் ஸ்கேல், பிறகு உச்ச ஸ்தாயி, மறுபடி ஸ்கேலை ஒரு பார்வை. ஐந்து ஸ்தாயி 3 சென்டுக்குள் நின்றால் நிறுத்திவிடலாம். இரண்டு ஆசிலேட்டர் சேர்ந்து ஒலிக்கும்போது அதற்கு மேல் யாருக்கும் தெரியாது. டிரிம்மர் திருகில் ஒரு சொட்டு நெயில் பாலிஷ் வைத்து, எட்டு எண்களையும் அன்றைய வெப்பநிலையையும் எழுதி மூடியின் உட்புறம் ஒட்டுங்கள்.

இவ்வளவும் எதற்கு, மைக்ரோகண்ட்ரோலர் ஒன்று அளந்து திருத்திக்கொள்ளாதா என்று கேட்பவர்கள் உண்டு. திருத்தும், 1978இல் வந்த புரொஃபெட்-5 சின்தசைசரிலேயே டியூன் பொத்தானை அழுத்தினால் உள்ளிருக்கும் புராசசர் அந்த வேலையைச் செய்தது. ஆனால் அப்படி எழுதிவைக்கும் திருத்தம் அளந்த நொடிக்குத்தான் உண்மை. டெம்ப்கோ தள்ளி நிற்கும் பலகையில் அது அடுத்த பாட்டுக்குள் பழசாகிவிடும்.